கரண்டி யார் கையில? புது சபை வளராம நிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

(இந்த அத்தியாயத்தில் பேசியது, வாசிப்பதற்கு ஏற்றபடி லேசாகத் திருத்தித் தரப்பட்டிருக்கிறது.)

பஸ்ல நின்னுக்கிட்டு கேட்கிறீங்களோ, ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்கிறீங்களோ, ஒரு இருபது நிமிஷம் என்கூட இருங்க.

இன்னைக்குப் பேசப்போறது புதுசா ஆரம்பிச்ச சபைகளைப் பத்தி. சென்னையில ஓஎம்ஆர் பக்கம், கோயம்புத்தூர்ல சரவணம்பட்டி பக்கம், ஒரு ஸ்கூல் ஹாலையோ சின்ன மண்டபத்தையோ ஞாயிற்றுக்கிழமை காலையில மட்டும் வாடகைக்கு எடுத்து ஆராதிக்கிற சபைகளை நீங்க பார்த்திருப்பீங்க. உங்கள்ல பல பேர் அப்படி ஒரு சபைக்குத்தான் போறீங்க. நாலைஞ்சு குடும்பமா ஒருத்தர் வீட்டு ஹால்ல ஆரம்பிச்சிருக்கும். முதல் ரெண்டு வருஷம் நல்லா வளரும். அப்புறம் ஒரு இடத்துல நின்னுடும். புதுசா பத்துப் பேர் வருவாங்க, சத்தமே இல்லாம எட்டுப் பேர் காணாமப் போவாங்க.

அப்போ நாம உட்கார்ந்து காரணம் தேடுவோம். ஹால் சின்னது. பார்க்கிங் இல்ல. மைக் சரியில்ல. அக்கம்பக்கத்துல கம்ப்ளைன்ட் பண்றாங்க. பிசாசு போராடுறான். இதுல எதையும் நான் பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பட்டியலைக் கவனிச்சுப் பாருங்க. எல்லாத் தடையும் வெளியிலதான் இருக்கு. ‘நாம’ங்கிற வார்த்தை அதுல வரவே இல்ல.

எங்க சபையில நடந்ததைச் சொல்றேன். நாங்களும் அஞ்சு குடும்பமா ஆரம்பிச்சு, ஏறக்குறைய அறுபது பேர் வந்து, அங்கேயே ரெண்டு வருஷம் நின்னோம். வாரத்துல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக் கூட்டம். பாட்டு, வேத தியானம், ஜெபம், கடைசியில எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. எங்க சபையோட உயிரே அந்தக் கூட்டம்தான்னு பெருமையா சொல்லுவோம். ஆஸ்பத்திரியில ஷிப்ட் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் தங்கச்சி கொஞ்ச நாள் ஞாயிறு ஆராதனைக்கு வந்துக்கிட்டு இருந்தாங்க. வெள்ளிக்கிழமை மட்டும் வர முடியல. ஒருநாள் என்கிட்ட, “அண்ணா, கூட்டத்தை வேற ஒரு நாள், வேற ஒரு நேரத்துல வைக்க முடியாதா? எங்க ஹாஸ்டல்ல நாலு பேர் இருக்கோம்”னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஜெபம் பண்ணுவோம்மா.” அதோட விட்டுட்டேன். ரெண்டு மாசத்துல அவங்களைக் காணோம். சண்டை இல்ல, மனஸ்தாபம் இல்ல. காணோம், அவ்வளவுதான். அவங்க வரலைங்கிறதே எனக்கு இன்னும் மூணு வாரம் கழிச்சுத்தான் உறைச்சது.

அந்தச் சமயத்துலதான் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசிச்சேன். சின்ன வயசுல இருந்து கேட்ட பகுதி. ஆனா அன்னைக்கு அது வேற மாதிரி பட்டது. அதைத்தான் உங்களோட பகிர்ந்துக்கப் போறேன்.

வெளித்தடையும் உள்தடையும்

எருசலேம் சபையோட கணக்கை முதல்ல பார்ப்போம். 1ஆம் அதிகாரத்துல மேல்வீட்டு அறைக் கூட்டம், ஏறக்குறைய 120 பேர். பெந்தெகொஸ்தே நாள்ல ஏறக்குறைய 3,000 பேர் சேர்றாங்க. 4ஆம் அதிகாரத்துக்கு வரும்போது ஆண்கள் எண்ணிக்கை மட்டுமே 5,000 அளவுக்கு வந்துடுது. எந்தப் புது சபையும் கனவு காண்கிற வளர்ச்சி.

இதுக்கு நடுவுல வெளியிலிருந்து வந்த அடிகளையும் பாருங்க. 4ஆம் அதிகாரத்துல பேதுருவையும் யோவானையும் பிடிச்சுக் காவல்ல வைக்கிறாங்க. 5ஆம் அதிகாரத்துல அப்போஸ்தலர்களைச் சிறையில போடுறாங்க, அடிக்கிறாங்க, இயேசுவின் பேரைச் சொல்லக் கூடாதுன்னு மிரட்டி அனுப்புறாங்க. சபை நின்னதா? இல்ல. அடிபட்டவங்க சந்தோஷமா வெளியில வந்து, திரும்பவும் போதிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அடுத்த அதிகாரத்தோட முதல் வசனத்துல ஒரு முறுமுறுப்பு. சிறைச்சாலையால நிறுத்த முடியாத சபைக்கு சாப்பாட்டுப் பந்தியில பிரச்சனை வருது. லூக்கா அதை எப்ப நடந்ததா எழுதுறார்னு கவனிங்க. சீஷர்கள் பெருகிக்கிட்டு இருந்த நாட்கள்ல. அதாவது, வளர்ச்சியே அந்தப் பிரச்சனையைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கு. 120 பேர் இருந்தப்போ எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் வீட்டுல அரிசி இல்லைன்னு கேட்காமலே தெரியும். ஆயிரக்கணக்குல ஆனப்புறம் ‘தெரிஞ்சவங்க’ங்கிற வழி போதாது. நம்ம ஊர்ல அஞ்சு குடும்பம் அறுபது பேர் ஆகும்போதும் இதுதான் நடக்குது.

அந்த விதவைகள் யார்?

பிரச்சனை என்ன? தினமும் நடக்கிற உதவியில, ஒரு பிரிவைச் சேர்ந்த விதவைகள் விடுபட்டுப் போனாங்க. நம்ம தமிழ் வேதாகமத்துல ‘கிரேக்கர்’, ‘எபிரெயர்’னு படிக்கும்போது, ஏதோ வேற வேற மதத்துக்காரங்கன்னு நினைச்சுக்கிறோம். அப்படி இல்ல. ரெண்டு பேருமே யூதர்கள். ரெண்டு பேருமே இயேசுவை விசுவாசிச்சவங்க. ஒரு பிரிவு அந்த ஊர்ல பிறந்து வளர்ந்து அரமேயிக் பேசினவங்க. இன்னொரு பிரிவு ரோம சாம்ராஜ்யத்தோட மற்ற ஊர்கள்ல இருந்து வந்து குடியேறின, கிரேக்கம் பேசின யூதர்கள்.

அப்படிப்பட்ட ஆட்கள் எருசலேம்ல நிறைய பேர் இருந்ததுக்குக் கல்லுலேயே சாட்சி இருக்கு. எருசலேம்ல முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்த அகழாய்வுல ஒரு கல்வெட்டு கிடைச்சது. பத்து வரி, முழுக்க கிரேக்கத்துல. தெயோதோத்து என்கிற ஆசாரியர், ஜெப ஆலயத் தலைவர், தான் ஒரு ஜெப ஆலயம் கட்டினதை அதுல பதிவு பண்ணியிருக்கார். எதுக்காகக் கட்டினார்? நியாயப்பிரமாணம் வாசிக்க, கட்டளைகளைப் போதிக்க. அதோட வெளியூர்ல இருந்து வந்து தங்க இடமில்லாம தவிக்கிறவங்களுக்கு அறைகளும் தண்ணீர் வசதியும் கொடுக்க. யூதர்களோட தலைநகரத்துல, கிரேக்கத்துல எழுதின ஜெப ஆலயக் கல்வெட்டு. ஊர் எவ்வளவு கலந்து இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ அந்த விதவையை மனசுல கொண்டு வாங்க. வயசான காலத்துல, பரிசுத்த நகரத்துலேயே கண்ணை மூடணும்னு புருஷனோட வெளிநாட்டுல இருந்து வந்திருக்கலாம். புருஷன் இறந்துட்டார். அண்ணன் தம்பி, சொந்தக்காரங்க எல்லாம் கடல் தாண்டி இருக்காங்க. ஊர்ப் பேச்சு சரியா வராது. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட “இன்னைக்கு எங்கம்மா பந்தி?”னு கேட்கிறதுக்குக்கூட வார்த்தை தடுமாறும். அந்த ஊர்ல பிறந்த விதவைக்கும் கஷ்டம்தான், ஆனா அவளுக்கு ஒரு தெரு இருக்கு, ஒரு வம்சம் இருக்கு.

யாராவது வேணும்னே அவங்களை ஒதுக்கினாங்கன்னு வேதம் சொல்லல. இது என் ஊகம்தான்: பரிமாறினவங்க கெட்டவங்களா இருந்திருக்க மாட்டாங்க. தெரிஞ்ச முகத்தைப் பார்த்துப் பரிமாறியிருப்பாங்க, அவ்வளவுதான். கல்யாண வீட்டுல பார்த்திருப்பீங்களே. கரண்டி பிடிச்சவனோட கண்ணு தன் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற வரிசைக்குத்தான் முதல்ல போகும். அதுக்குக் கெட்ட எண்ணம் தேவையில்ல, பழக்கம் போதும்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த உதவிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நிலத்தையும் வீட்டையும் வித்து அப்போஸ்தலர்களோட பாதத்துல கொண்டுவந்து வெச்சாங்க. அப்படிக் கொடுத்தவங்கள்ல லூக்கா பேர் சொல்லிப் பாராட்டுற ஆள் பர்னபா. அவர் எந்த ஊர்? சீப்புரு தீவு, இன்னைக்கு நாம சைப்ரஸ்னு சொல்றோமே, அதுதான். வெளியூர்ல பிறந்த யூதர் கொடுத்த காசும் அந்தப் பெட்டியில இருக்கு. ஆனா வெளியூர் விதவைகள் பந்தியில விடுபடுறாங்க. காணிக்கை போடும்போது ‘நாம எல்லாரும்’, பரிமாறும்போது ‘நம்ம ஆளுங்க’. அங்கேதான் முறுமுறுப்பு பிறந்தது.

பன்னிரண்டு பேர் என்ன செய்தாங்க?

தலைவர்களுக்கு இந்த இடத்துல சுலபமான வழி நிறைய இருந்தது. “முறுமுறுக்காதீங்க, வனாந்தரத்துல இஸ்ரவேலர் முறுமுறுத்து என்ன ஆனாங்கன்னு தெரியும்ல?”னு ஒரு பிரசங்கம் வெச்சிருக்கலாம். நம்ம சபைகள்ல இது ரொம்பப் பழகின வழி. இல்ல, “இனிமே நாங்களே நேர்ல வந்து பார்த்துக்கிறோம்”னு சொல்லி, எல்லா வேலையையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கிட்டிருக்கலாம். அதுவும் நமக்குப் பழகினதுதான். போதகரே பிரசங்கம், போதகரே அக்கவுண்ட், போதகரம்மாவே சண்டே ஸ்கூல், போதகர் பையனே கீபோர்டு.

பன்னிரண்டு பேரும் இந்த ரெண்டையும் செய்யல. முதல்ல, சபையார் எல்லாரையும் கூப்பிட்டாங்க. குறை சொன்னவங்களைத் தனியா ரூமுக்குள்ள கூப்பிட்டு சமாதானப்படுத்தல. பிரச்சனையை எல்லார் முன்னாடியும் வெச்சாங்க.

ரெண்டாவது, தங்களால இதைச் சரியா செய்ய முடியலைன்னு ஒத்துக்கிட்டாங்க. வசனத்தை விட்டுட்டு பந்தி விசாரிக்கிறது எங்களுக்குத் தகுதியான காரியமில்லைன்னு அவங்க சொன்னதை, பந்தி வேலை மட்டமானதுன்னு சொன்ன மாதிரி சில பேர் எடுத்துக்கிறாங்க. ஆனா லூக்கா எழுதின கிரேக்கத்துல தினசரி உதவிக்கும், வசன ஊழியத்துக்கும் ஒரே சொல்தான்: தியாகோனியா. ரெண்டுமே ஊழியம். ஒரே ஆள் ரெண்டையும் பிடிச்சு வெச்சுக்கிட்டா ரெண்டும் கெடும்ங்கிறதுதான் விஷயம்.

மூணாவது, ஏழு பேரைத் தெரிஞ்செடுக்கச் சொன்னாங்க. யார் தெரிஞ்செடுக்கணும்? சபையார். தகுதி என்ன? நல்ல பேர், ஆவியின் நிறைவு, ஞானம். பந்தி பரிமாற இவ்வளவு பெரிய தகுதியான்னு தோணும். ஆமா. பசியில இருக்கிற ஒரு அம்மாவோட மானம் அந்தக் கையில இருக்கு. அதனால அவ்வளவு தகுதி வேணும்.

அப்புறம் சபை தெரிஞ்செடுத்த பேர்களைப் பாருங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேர். அந்தக் காலத்துல உள்ளூர் யூதர்கள்லயும் சில பேருக்குக் கிரேக்கப் பேர் உண்டு. அப்போஸ்தலர்கள்லேயே அந்திரேயா, பிலிப்பு இருக்காங்க. அதனால பேரை மட்டும் வெச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஏழுக்கு ஏழும் அப்படி அமையறது சும்மா நடக்கிற காரியம் இல்ல. ஏழாவது ஆள் நிக்கொலா, அந்தியோகியா பட்டணத்துக்காரர். யூதராப் பிறக்காம, பிறகு யூத மார்க்கத்துல சேர்ந்தவர். வெளியாள்லேயும் வெளியாள்.

இப்போ என்ன நடந்திருக்குன்னு புரியுதா? குறை சொன்ன பிரிவுல இருந்து ஒருத்தரைக் கமிட்டியில சேர்த்து, “உங்க பிரதிநிதியும் இருக்காரே”ன்னு சொல்லல. மொத்தக் கரண்டியையும் அவங்க பக்கம் கொடுத்துட்டாங்க. இனிமே உள்ளூர் விதவைகளுக்கும் சேர்த்து அவங்கதான் பரிமாறப் போறாங்க. யாரை நம்பலைன்னு குறை வந்ததோ, அவங்க நம்பிக்கையைக் காட்டின விதம் அது. மொத்த சபைக்கும் முன்னாடி நிறுத்தி, கைகளை வெச்சு ஜெபிச்சு, பகிரங்கமா ஒப்படைச்சாங்க.

ஒரு விஷயத்தையும் மறைக்காம சொல்லணும். ஏழு பேருமே ஆண்கள். பாதிக்கப்பட்ட விதவைகள்ல ஒருத்தர்கூட அங்கே பேசினதா பதிவு இல்ல. அந்த ஆதி சபையும் எல்லாத்தையும் ஒரே நாள்ல சரி பண்ணிடல. ஆனா எந்தத் திசையில அடி எடுத்து வெச்சாங்கன்னு தெளிவா தெரியுது.

அதுக்கப்புறம் நடந்தது

அடுத்த வசனத்துலேயே பலன் எழுதியிருக்கு. தேவ வசனம் விருத்தியடைஞ்சது, எருசலேம்ல சீஷர்கள் தொகை மிகவும் பெருகினது, ஆசாரியர்கள்லயும் நிறைய பேர் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிஞ்சாங்க. நிக்கப்போன வளர்ச்சி திரும்ப ஓட ஆரம்பிச்சிடுச்சு.

ஆனா பெரிய பலன் எருசலேமுக்கு வெளியிலதான். பந்தி விசாரிக்க வந்த ஸ்தேவான் கிரேக்கம் பேசுற யூதர்களோட ஜெப ஆலயத்துல நின்னு தர்க்கம் பண்றார். அவர் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னாடி பேசினதுதான் நடபடிகள் புத்தகத்துலேயே நீளமான பிரசங்கம். அதுக்காகக் கல்லெறிஞ்சு கொல்றாங்க. உடனே பெரிய உபத்திரவம் வருது. அப்போஸ்தலர்கள் எருசலேம்ல இருக்காங்க, மத்தவங்க சிதறிப் போறாங்க. பிலிப்பு சமாரியாவுக்குப் போறார். எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். சிதறிப் போனவங்கள்ல சீப்புரு, சிரேனே ஊர்க்காரங்க சில பேர் அந்தியோகியாவுல கிரேக்கர்கிட்டயே சுவிசேஷம் சொல்றாங்க. நமக்கெல்லாம் ‘கிறிஸ்தவர்’ங்கிற பேர் முதன்முதலா வந்தது அந்த ஊர்லதான்.

கவனிங்க. எல்லையைத் தாண்டி சபை போனது, ரெண்டு மொழி தெரிஞ்ச, ரெண்டு உலகத்துல வாழத் தெரிஞ்ச அந்த ஆட்கள் வழியா. பந்தியில ஓரத்துல உட்கார்ந்திருந்தவங்க கூட்டம்தான் சபையை உலகத்துக்குக் கொண்டு போச்சு. அன்னைக்கு அந்த முறுமுறுப்பை அடக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நம்ம கடற்கரையில ஒரு எருசலேம்

இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்த கதை. நம்ம மண்ணுல இதே கேள்வி எப்படி வந்ததுன்னும் பார்க்கணும். அங்கேயும் சபைக்குப் பேர் எருசலேம்தான்.

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்க், புளுட்சோ என்ற ரெண்டு ஜெர்மானியர்கள் தரங்கம்பாடியில வந்து இறங்கினாங்க. அவங்களை அனுப்பினது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். அடுத்த வருஷம் 1707ல முதல் ஞானஸ்நானம். டேனிஷ் வீடுகள்ல அடிமைகளா இருந்த அஞ்சு பேர். அதே வருஷம் ஒரு சின்ன ஆலயம், அதுக்கு எருசலேம்னு பேர். 1718ல கட்டின பெரிய ஆலயத்துக்குப் புதிய எருசலேம். இன்னைக்கும் தரங்கம்பாடி போனா பார்க்கலாம்.

அந்தப் புது சபைக்கும் வெளித்தடை குறைவில்ல. தரங்கம்பாடி கோட்டையோட டேனிஷ் தளபதியே சீகன்பால்கைப் பிடிச்சு ஏறக்குறைய நாலு மாசம் அடைச்சு வெச்சார். சபை நிக்கல. மொழித்தடை இருந்தது. சீகன்பால்க் சின்னப் பிள்ளைகளோட உட்கார்ந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்சார். 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாகி வந்துடுச்சு. 1719ல அவர் இறக்கும்போது வயசு வெறும் 36. சிறை, மொழி, கடல், நோய். எல்லாத்தையும் அந்தச் சபை தாண்டிடுச்சு.

பந்தியில என்ன ஆச்சு? அங்கே ரெண்டு கதை இருக்கு. ஒண்ணு சந்தோஷமான கதை. 1733ல ஆரோன் என்ற தமிழர் போதகரா அபிஷேகம் பண்ணப்பட்டார். கடலூர்க்காரர். இந்தியாவின் முதல் லுத்தரன் போதகர். வெளிநாட்டு மிஷனரிகள் கையில மட்டும் இருந்த கரண்டியில ஒண்ணு தமிழர் கைக்கு வந்தது.

இன்னொரு கதை ராஜநாயக்கன். தஞ்சாவூர் ராஜாவோட படையில இருந்தவர். தஞ்சைப் பகுதியில பல வருஷம் உபதேசியாரா உழைச்சவர். அவரையும் போதகராக்கலாம்னு பேச்சு வந்தது. நடக்கல. காரணம் அவரோட விசுவாசமும் இல்ல, உழைப்பும் இல்ல. அவர் பறையர் சமூகத்துல பிறந்தவர். அவர் கையால திருவிருந்து வாங்க மத்த சாதிக் கிறிஸ்தவர்கள் ஒத்துக்க மாட்டாங்கன்னு மிஷனரிகள் பயந்தாங்க. ஆரோன் வேளாளர் குடும்பம். அதனால அவருக்கு அந்தத் தடை வரல. ராஜநாயக்கன் கடைசிவரைக்கும் உபதேசியாராவே இருந்தார். அந்தச் சபைகள்ல ஆலயத்துக்குள்ள உட்காருற இடமே சாதிவாரியாப் பிரிஞ்சு இருந்தது.

எருசலேம்ல முறுமுறுப்பு வந்தப்போ கரண்டியை ஓரத்துல இருந்தவங்க கையில கொடுத்தாங்க. புதிய எருசலேம்ல முறுமுறுப்பு வந்துடுமோன்னு பயந்து ஓரத்துல இருந்தவர் கையில கொடுக்காம விட்டாங்க. அந்தக் கணக்கு மறைஞ்சு போகல. நூறு வருஷம் கழிச்சு, 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி வேறுபாடு கூடாதுன்னு உத்தரவு போட்டப்போ, தஞ்சாவூர்லயும் சென்னை வேப்பேரியிலயும் பெரிய பிளவு வந்தது. நிறைய பேர் அந்த சபைகளை விட்டே வெளியே போனாங்க. ஒரே கிண்ணத்துல குடிக்க மனசில்லாம.

நான் அந்தப் பழைய மிஷனரிகளை மேல நின்னு தீர்ப்பு சொல்லல. “இப்போ இந்த விஷயத்தைத் தொட்டா சபை உடைஞ்சிடும், கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.” இதை நானும் சொல்லியிருக்கேன். நீங்களும் உங்க கமிட்டியில கேட்டிருப்பீங்க. வளர்ச்சிக்காகத் தள்ளிப்போட்ட விஷயமே பின்னாடி வளர்ச்சிக்குத் தடையா நிக்கும். அதுதான் இந்தக் கதை சொல்ற பாடம்.

நம்ம சபையில என்ன செய்யலாம்?

சரி, நாளைக்கு நீங்க என்ன செய்ய முடியும்? நீங்க போதகரா இல்லாம இருக்கலாம். பாடல் குழுவுல ஒருத்தரா, வாட்ஸ்ஆப் குரூப் அட்மினா, சண்டே ஸ்கூல் டீச்சரா இருக்கலாம். உங்க கையிலயும் ஒரு சின்னக் கரண்டி இருக்கு. நாலு கேள்வியை எடுத்துக்கிட்டுப் போங்க.

முதல் கேள்வி: யார் வந்தாங்கன்னு எண்ணுறோமே, யார் காணாமப் போனாங்கன்னு எண்ணுறோமா? போன ஒரு வருஷத்துல நாலு வாரம் வந்துட்டு நின்னுபோன பேர்களை எழுதிப் பாருங்க. அந்தப் பட்டியல்ல ஒரு ஒற்றுமை தெரியும். எல்லாரும் ஹாஸ்டல்ல இருக்கிறவங்களா? கல்யாணம் ஆகாதவங்களா? வடமாநிலத்துல இருந்து வந்து கட்டட வேலை பார்க்கிற தம்பிங்களா? முதல் தலைமுறைக் கிறிஸ்தவங்களா? உங்க சபை எந்த வரிசையைத் தாண்டிப் பரிமாறிட்டுப் போகுதுன்னு அந்தப் பட்டியல் சொல்லிடும்.

ரெண்டாவது: நம்ம சபையில குறை சொன்னா என்ன ஆகும்? ‘முறுமுறுப்பு ஆவி’ன்னு பேர் வெச்சு வாயை அடைக்கிறோமா? எருசலேம் சபைக்கு வந்த முறுமுறுப்புக்குள்ள ஒரு உண்மை இருந்தது. எல்லாக் குறையும் நியாயமா இருக்காது. ஆனா கேட்காம எது நியாயம்னு எப்படித் தெரியும்?

மூணாவது, இதுதான் கஷ்டமான கேள்வி: வேலையைக் கொடுக்கிறோமா, அதிகாரத்தைக் கொடுக்கிறோமா? நாற்காலி எடுத்துப் போட, ஸ்லைடு மாத்த, சமோசா வாங்கிட்டு வர இளைஞர்களைக் கூப்பிடுறோம். ஆனா நேரத்தை யார் முடிவு பண்றது? காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறது? யாருக்கு உதவின்னு யார் சொல்றது? அந்தப் பட்டியல்ல எப்பவும் ஆரம்பிச்ச அஞ்சு குடும்பத்தோட பேரே இருந்தா, நீங்க இன்னும் அஞ்சு குடும்பச் சபைதான். வர்ற மத்தவங்க விருந்தாளிங்க. விருந்தாளி சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க.

“அவங்களுக்கு அனுபவம் போதாதே”ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் அங்கே தகுதி பார்த்தாங்க. ஓரத்துல இருக்கிறவர்ங்கிறதுக்காக மட்டும் பொறுப்பு கொடுக்கல. நல்ல பேர், ஆவி, ஞானம், மூணையும் பார்த்தாங்க. ஆனா அந்தத் தகுதி உள்ளவங்க ஓரத்துலயும் இருப்பாங்கன்னு நம்பித் தேடினாங்க. நாம தேடுறதே இல்ல.

நாலாவது: நாம பேசாமத் தள்ளிப்போடுற விஷயம் என்ன? பிரசங்கத்துல எல்லாரும் ஒரே சரீரம்னு சொல்றோம். கல்யாணப் பேச்சு வந்தா ‘எந்த ஊர், எந்தப் பக்கம்?’னு சாதியைச் சுத்தி வளைச்சு விசாரிக்கிறோம். நகரத்துல புதுசா ஆரம்பிச்ச சபைதானே, நம்மகிட்ட அதெல்லாம் இல்லைன்னு சொல்லிக்கிறது சுலபம். மூத்தவங்க நம்மகிட்ட கொடுத்துட்டுப் போன பழக்கத்தை நாம வாடகை ஹாலுக்கும் கொண்டு வந்துட்டோமான்னு நாமதான் கேட்டுக்கணும்.

எங்க வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்ன ஆச்சுன்னு சொல்லாம முடிக்க முடியாது. அந்தத் தங்கச்சிக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, “பரவாயில்லண்ணா, நீங்க கவனிக்கலைன்னுதான் நினைச்சேன்”னாங்க. அந்தப் ‘பரவாயில்ல’தான் ரொம்ப வலிச்சது. அப்புறம் சபையில எல்லார் முன்னாடியும் பேசி, வாரக் கூட்டத்தை எப்ப, எங்க, எப்படி நடத்துறதுங்கிற பொறுப்பையே ஷிப்ட் வேலை பார்க்கிற மூணு பேர்கிட்ட ஒப்படைச்சோம். அவங்க ரெண்டு கூட்டமா மாத்தினாங்க. ஒண்ணு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு, அவங்க ஹாஸ்டல் பக்கத்துலேயே. என்னால அதுக்குப் போக முடியாது, ஆபீஸ் இருக்கு. முதல் வாரம் அவங்க போட்டோ அனுப்பினப்போ, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறாங்க, நான் இல்ல. உள்ளுக்குள்ள சுருக்குன்னு ஒண்ணு குத்தினது. ரெண்டு மாசமா அவங்களுக்கு அப்படித்தானே இருந்திருக்கும்னு அப்பதான் புரிஞ்சது.

எங்க சபை ஆயிரம் பேர் ஆயிடல. கொஞ்சம் கூடியிருக்கோம். ஆனா செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரை எனக்குத் தெரியாது. என்கிட்ட கேட்காம, என் மூலமா வராம ஜனங்க வர்றாங்க. ஒரு புது சபை வளருதுன்னா அதுதான்னு இப்ப எனக்குத் தோணுது.

ஒரு சின்ன ஜெபத்தோட முடிப்போம். ஆண்டவரே, எங்க பந்தியில விடுபட்டுப் போனவங்களோட முகத்தை எங்களுக்குக் காட்டும். எங்க கையில இருக்கிற கரண்டியை இறுக்கிப் பிடிச்சுக்காம கொடுக்க மனசு தாரும். ஆமென்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்க சபையில காணாமப் போன ஒருத்தருக்கு போன் பண்ணுங்க. சபைக்கு வாங்கன்னு கூப்பிடுறதுக்காக இல்ல. என்ன நடந்ததுன்னு கேட்கிறதுக்காக. கேட்டுட்டு, பதில் சொல்லாம கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அடுத்த அத்தியாயத்துல சந்திப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.